அம்பலும் அலரும்

நுழையும்முன்

பேசுவது எளிது; பிறர் பேசுவதைக் கவனிப்பது அரிது. தெருவிலும் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நிகழ்ந்துவந்த பேச்சு, இன்று கைப்பேசித் திரையிலும் நிகழ்கிறது. ஊர் எதைப் பேசுகிறது, எவ்வளவு காலமாகப் பேசுகிறது, எதைப் பேசாமல் விட்டுவிடுகிறது என்பனவற்றைக் கூர்ந்து நோக்குவது அறிவுப் பயிற்சி. குடிமக்களின் கடமையும் ஆகும். பழனி மலைத்தொடரில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

மலைவழிச் செய்தி

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறிச்செல்லும் மலைச்சாலையில் அடுக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. மலைச்சரிவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. மழைக்காலத்தில் அச்சாலையில் மண் சரிவதும் பாறைகள் உருள்வதும் போக்குவரத்து நின்றுபோவதும் உண்டு. அத்தகைய நாளில் மலையேற எண்ணுபவர் வரைபடத்தை நாடுவதற்கு முன், மேலிருந்து இறங்கி வருபவரைத் தேடுவார்.

“மேல பாதை எப்படிண்ணே இருக்கு?”

“ரெண்டு வளைவு தாண்டிப் போனா, ஓடைத் தண்ணி செம்மண்ணாக் கலங்கி வருதுப்பா. மழை விடட்டும், பெறகு போ.”

இத்தகைய உரையாடல் மலையூர்களில் இயல்பாக நிகழ்வது. மறுமொழி கூறியவர் நிலவியல் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் கூற்றில் மூன்று சிறப்புகள் உள்ளன. தாம் கண்டதை மட்டும் கூறினார். கண்ட இடத்தைச் சுட்டினார். கண்டதற்கு மேல் எதனையும் மிகைப்படுத்தவில்லை. கலங்கிய நீர், மேலே எங்கோ மண் பெயர்வதன் அடையாளம். அதனைக் கேட்டு நின்றவர் உயிர் பிழைக்கலாம். கேளாமல் சென்றவர் இடருக்கு ஆளாகலாம். பிறர் பேச்சைக் கவனித்தல் பொழுதுபோக்கன்று என்பதை இச்சிறு நிகழ்வே உணர்த்தும்.

பழந்தமிழர் கண்ட இருவகைப் பேச்சு

ஊர்ப்பேச்சின் ஆற்றலைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். அகப்பொருள் மரபில் அதற்கு இரண்டு பெயர்கள் உள்ளன. சிலர் தமக்குள் மெல்ல முணுமுணுத்துக்கொள்வது அம்பல். பலரும் அறிய வெளிப்படையாகப் பேசுவது அலர். முன்னதை அரும்புக்கும் பின்னதை மலர்ந்த மலருக்கும் ஒப்பிட்டு உரையாசிரியர்கள் விளக்குவர். மறைந்து கிடந்த காதலை ஊரறியச் செய்து, அதனைத் திருமணத்தை நோக்கி நகர்த்துவன இவ்விருவகைப் பேச்சுகளும் என்பது அகமரபு. திருவள்ளுவரும் அலர் அறிவுறுத்தல் என ஓர் அதிகாரம் வகுத்தார். பொருட்பாலில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, கேள்வி என்னும் அதிகாரத்தை அமைத்தார். கற்பதோடு கேட்பதும் அறிவின் வாயில் என்பது அவர் கொள்கை.

காதலுக்காக வகுக்கப்பட்ட இப்பாகுபாடு பொதுவாழ்வுக்கும் பொருந்துவது. ஒரு சமூகத்தின் துன்பம் எடுத்த எடுப்பில் அலராக வெளிப்படுவதில்லை. அது முதலில் அம்பலாகவே அரும்புகிறது. ஒரு வீட்டின் சமையலறையில், ஒரு மருத்துவமனை வாயிலில், பணிமுடிந்து திரும்பும் இருவர் உரையாடலில் அது தொடங்குகிறது. அலரைக் கேட்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டுவதில்லை. அது தானே செவியில் வந்து மோதும். அம்பலைக் கேட்பதற்கே பயிற்சி வேண்டும். கொடைக்கானலின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்று.

மணமில்லாத ஆவி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்கள், 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாண்ட்ஸ் நிறுவனம் இங்குத் தொடங்கிய அத்தொழிற்சாலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அந்நிறுவனமே இன்று இந்துஸ்தான் யூனிலீவர் என வழங்கப்பெறுகிறது. காய்ச்சலை அளக்கும் கண்ணாடி வெப்பமானிகள் இங்குச் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. வேலைவாய்ப்புக் குறைந்த மலையூரில் ஆலை வேலை மதிப்புமிக்கதாய் இருந்தது.

வெப்பமானியின் உயிர்ப்பொருள் பாதரசம். இயல்பான வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் உலோகம் அது. வெள்ளி முத்துகளாய் உருண்டோடும் அதன் அழகு எவரையும் கவரும். ஆயினும் அது சிறிது சிறிதாக ஆவியாகும் தன்மை உடையது. அவ்வாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனைத் தொடர்ந்து உள்ளிழுப்பவரின் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் கேடுறும். கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாத ஒரு கேட்டை ஊர் எவ்வாறு அறியும்? உரிய ஆய்வுக் கருவி இல்லாத இடத்தில், மனிதர் தம் உடல்நிலையைப் பற்றிப் பேசிக்கொள்வதே முதல் அறிகுறியாகும்.

பாதரசத்தின் கேட்டைத் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்று முன்னாள் பணியாளர் பலர் பிற்காலத்தில் கூறினர். தலைவலி, நடுக்கம், சிறுநீரகக் கோளாறு எனத் தம் துன்பங்களை அவர்கள் எடுத்துரைத்தனர். தனித்தனி வீடுகளில் தனித்தனி நோயாகப் பேசப்பட்டவை, ஒன்றோடொன்று சேர்த்துக் கேட்கப்பட்டபோதுதான் ஊரின் வினாவாக உருப்பெற்றன. பணியாளர் உடல்நலம் ஆலைப் பணியால் பாதிக்கப்படவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. இரு கூற்றுகளுக்கும் இடையிலான வழக்கு நெடுங்காலம் நடந்தது.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊர்ப்பேச்சுக்கு ஒரு கண்கூடான சான்று கிடைத்தது. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த பழைய பொருள் கடை ஒன்றில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்தது வெளிப்பட்டது. ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அதனை உலகறியச் செய்தனர். ஆலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் பாதரசம் கலந்த கழிவுகள் ஏறத்தாழ 290 டன் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

ஆலை அமைந்த மேட்டுக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை உள்ளது. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து, சமவெளி அடைந்து, வைகை நீரோடு சேர்கிறது. மலைமுகட்டின் பேச்சு மலைமுகட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்நீர்வழியே காட்டுகிறது.

மீனவர் கண்ட பூனைகள்

இதற்கு முன்னோடியான நிகழ்வு ஒன்று சப்பான் நாட்டில் நிகழ்ந்தது. மினமாட்டா விரிகுடாக் கரையில் வாழ்ந்த மீனவர்கள், 1950களின் தொடக்கத்தில் தம் ஊர்ப் பூனைகளின் விந்தையான நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினர். பூனைகள் தள்ளாடின, சுழன்று சுழன்று ஆடின, வலிப்புற்று இறந்தன. பூனைகள் ஆடும் நோய் என்றே மக்கள் அதனைக் குறிப்பிட்டனர். கேட்போருக்கு அது நகைப்புக்குரிய கதையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதே விரிகுடாவின் மீன்களையே பூனைகளும் மனிதரும் உண்டனர்.

1956ஆம் ஆண்டு மே முதல் நாளில், மனிதரிடம் காணப்பட்ட அந்நோய் மருத்துவ உலகில் முறையாகப் பதிவாயிற்று. சிசோ என்னும் வேதித்தொழில் நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட கழிவுநீரில் இருந்த பாதரசச் சேர்மமே காரணம் என்று சப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது 1968இல். மீனவர் பேச்சுக்கும் அரசின் ஒப்புதலுக்கும் இடையே ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்தன. அக்காலம் முழுவதும் கழிவு கடலில் கலந்தது, மீன் உணவானது, குழந்தைகள் கருவிலேயே பாதிக்கப்பட்டனர். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் உருவாக்கிய உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. உரிய காலத்தில் கேட்கப்படாத ஊர்ப்பேச்சின் நினைவுச்சின்னமாகவும் அப்பெயரைக் கொள்ளலாம்.

இணையத்தில் மலர்ந்த அலர்

கொடைக்கானல் பணியாளர்கள் 2006ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2015ஆம் ஆண்டு சூலையில், சென்னையைச் சேர்ந்த பாடகர் சோஃபியா அஷ்ரஃப் இச்சிக்கலைப் பற்றிய சொல்லிசைப் பாடல் ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். அமெரிக்கப் பாடகர் நிக்கி மினாஜின் புகழ்பெற்ற பாடலொன்றின் மெட்டில் அது அமைந்திருந்தது. நிக்கி மினாஜும் அதனைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் பகிர்ந்தார். சில நாள்களில் பல இலட்சம் பேர் அப்பாடலைக் கண்டனர். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முன்னாள் பணியாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு உயர்நீதிமன்றத்தில் ஏற்பட்டது. மனிதநேய அடிப்படையில் அதனை வழங்குவதாக நிறுவனம் தெரிவித்தது.

இங்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது ஒன்று உண்டு. பாடல் புதிய உண்மை எதனையும் கண்டுபிடிக்கவில்லை. கழிவு கிடந்ததும் ஆலை மூடப்பட்டதும் பணியாளர் முறையிட்டதும் 14 ஆண்டுகளாக அறியப்பட்டவையே. பாடல் சேர்த்துத் தந்தவை செவிகள். அவை பெருகியதும் உண்மைக்கு வலிமை கூடியது. எனினும் பாடல் ஒன்றாலேயே தீர்வு கிட்டியது எனக் கூறுதல் பொருந்தாது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்தவர்களும், நீதிமன்றப் படிகளில் பத்தாண்டுகள் ஏறி இறங்கிய பணியாளர்களும், அவர்கள் குடும்பங்களும் காத்துவந்த அம்பலே இணையத்தில் அலராயிற்று. அரும்பைக் காத்தவரின்றி மலர் இல்லை.

உடன்பாடு ஏற்பட்டபின் இணையத்தின் கவனம் வேறு செய்திகளை நாடிச் சென்றது. ஆலை வளாகத்தின் மண்ணோ அங்கேயே இருந்தது. அம்மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்வது என்னும் வினா எஞ்சி நின்றது. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவு போதாது எனவும், வளர்ந்த நாடுகளில் பின்பற்றப்படும் கடுமையான அளவே இங்கும் வேண்டும் எனவும் சூழலியலாளர் வாதிட்டனர். 2018இல் கருநாடக இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் பங்கேற்ற இரண்டாம் பாடல் வெளிவந்தது. முதற்பாடல் தீர்க்காத சிக்கலை நினைவூட்டவே இரண்டாம் பாடல் வேண்டியிருந்தது. இணையப் பேச்சு நாள்கணக்கில் வாழ்வது. மண்ணில் கலந்த பாதரசம் தலைமுறைக் கணக்கில் வாழ்வது. பலர் பேசுவதை நிறுத்திவிட்டனர் என்பதாலேயே ஒரு சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கருதுதல் பெரும்பிழை.

பொய்யான அலர்

ஊர்ப்பேச்சு எல்லாம் உண்மை எனக் கொள்வதும் அதற்கு நிகரான பிழையே. 2018ஆம் ஆண்டின் முற்பகுதியில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் நடமாடுவதாகப் பொய்ச் செய்திகள் வாட்சப் வழியே தமிழ்நாட்டில் பரவின. அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பகுதிக்குக் கோவில் வழிபாட்டுக்காகச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வழியில் கண்ட குழந்தைகளுக்கு அவர்கள் அன்போடு இனிப்பு வழங்கினர். செய்தியை நம்பிய கூட்டம் அவர்களைச் சூழ்ந்து தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதே ஆண்டு சூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்சப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது.

கொடைக்கானல் பணியாளரின் பேச்சுக்கும் போளூரில் உயிர் பறித்த பேச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னது தம் உடலில் நேர்ந்ததை உற்றவரே உரைத்தது. பின்னது எவர் கண்டார் என்பதே தெரியாமல் கைமாறி வந்தது. முன்னது இன்ன ஆலை, இன்ன கடை என இடம் சுட்டியது. பின்னதற்கு எல்லா ஊரும் ஒன்றே. முன்னது விசாரணையை வேண்டியது. பின்னது விசாரணைக்கு முன்பே தண்டனையை வழங்கியது. பேச்சின் உண்மையை அளக்கப் பேசுவோரின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது.

கவனித்தலும் சரிபார்த்தலும்

கவனித்தல் என்பது நம்பிவிடுதல் அன்று, புறந்தள்ளுதலும் அன்று. இவ்விரண்டுக்கும் நடுவே சரிபார்த்தல் என்னும் பாலம் உள்ளது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், சீனாவின் குவாங்சோ நகரில் இனம்தெரியாத நோயால் மக்கள் இறப்பதாக ஆசிரியர்களின் இணைய உரையாடல் அரங்கிலிருந்து ஒருவருக்குத் தெரியவந்த செய்தி, புரோமெட் என்னும் நோய்ச்செய்தி வலையமைப்பில் ஒரு வினாவாக வெளியிடப்பட்டது. அது உறுதியான செய்தியாக அன்றி, எவருக்கேனும் தெரியுமா எனக் கேட்கும் முறையில் அமைந்திருந்தது. மறுநாளே அந்நோய் பற்றிய சீன அரசின் அறிக்கை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைத்தது. பின்னாளில் சார்ஸ் எனப் பெயர் பெற்ற கொள்ளைநோய் அதுவே. உரிய முறையில் கேட்கப்பட்ட அம்பல், உலகுக்கு முன்னெச்சரிக்கை ஆயிற்று. இந்தியாவிலும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ், ஊடகங்களில் வரும் நோய்ச் செய்திகளைத் தேடிச் சரிபார்க்கும் பிரிவு 2008ஆம் ஆண்டு சூலை முதல் இயங்கிவருகிறது.

வல்லுநர் செய்வதை மாணவரும் தம் அளவில் செய்ய இயலும். ஒரு செய்தி வந்தவுடன், இதனை நேரில் கண்டவர் யார் எனக் கேட்கலாம். ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே துன்பத்தைக் கூறுகின்றனரா அல்லது ஒருவர் கூற்றையே பலர் நகலெடுத்துக் கூறுகின்றனரா எனப் பகுத்துணரலாம். எல்லாரும் ஒன்றைப் பற்றியே உரக்கப் பேசும்போது, பேசப்படாமல் போனது எது எனவும் எண்ணிப் பார்க்கலாம். கைப்பேசித் திரை ஒருவர் விரும்பிப் பார்ப்பதையே மீண்டும் மீண்டும் காட்டும் இயல்பினது. ஆதலால், திரையில் தோன்றாத ஊரின் குரலைக் கேட்கத் தெருவில் இறங்கி நடப்பதும் தேவையாகிறது.

இதில் ஓர் எல்லையும் உண்டு. பிறர் தனிவாழ்வைத் துருவி ஒட்டுக்கேட்டல் இழிந்த செயல். பொதுநலம் கருதிச் செவிமடுத்தல் உயர்ந்த பண்பு. ஒருவரின் துன்பத்தைக் கேட்டறிந்தவர், அதனை வேடிக்கைப் பொருளாக்கிப் பரப்பாமல், தீர்க்க வல்லவரிடம் கொண்டுசேர்ப்பதே அப்பண்பின் நிறைவு.

கலங்கிய நீர்

அடுக்கத்துச் சாலையில் ஓடைநீர் கலங்கி வருவதைக் கண்டவர் அதனைச் சொல்லிவிட்டுத் தம் வழியே செல்வார். அவரிடம் ஒலிபெருக்கி இல்லை. அவர் பேச்சை விரும்பியவர் எத்தனை பேர் எனக் காட்டும் எண்ணும் இல்லை. அச்சொல்லுக்கு மதிப்பு ஏற்படுவது, கேட்டவர் நின்று மலையை அண்ணாந்து பார்க்கும்போதுதான். கொடைக்கானலில் அவ்வாறு நின்று பார்க்க உலகுக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளின் இழப்பை எந்த உதவித்தொகையும் முழுமையாக ஈடுசெய்யாது. மலர்ந்த அலரைப் பகிர்வதில் விரைவு காட்டும் இளந்தலைமுறை, அரும்பும் அம்பலைக் கேட்பதில் பொறுமை காட்டுமாயின், அடுத்த ஊரேனும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுநாளாகப் பேசப்பட்டும் தீர்க்கப்படாத பொதுச்சிக்கல் ஒன்றினைத் தேர்ந்தெடுத்து, அதனை நேரில் அறிந்த மூவரிடம் உரையாடி, அவர்கள் கூறியவற்றில் பொதுவாக அமைந்தவற்றைத் தொகுத்து எழுதுக.

2. கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றின் உண்மைத்தன்மையைக் கட்டுரை கூறும் வினாக்களைக் கொண்டு ஆராய்ந்து, வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘இணையப் பேச்சு நாள்கணக்கில் வாழ்வது, மண்ணில் கலந்த பாதரசம் தலைமுறைக் கணக்கில் வாழ்வது’ – இக்கூற்றை உங்கள் கருத்துடன் விளக்குக.